பொத்தானை அழுத்தியது யார், பொறுப்பு யாருடையது?

ஹாம் வானொலி என்று நாங்கள் சொல்லும் அமெச்சூர் வானொலி, அதாவது பண நோக்கமில்லாமல் ஆர்வத்துக்காகச் சொந்தமாக வானொலிச் செற் வைத்து மற்றவர்களோடு பேசுவது, பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அனேகமானவை ஒரே விஷயத்தையே சுற்றி நிற்கின்றன: அனுமதிப்பத்திரம் ஆருக்கு வேண்டும், பிழை நடந்தால் ஆர் பதில் சொல்வது. அன்ரனா, சொல்டரிங் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இது முதலில் தெளிய வேண்டிய விஷயம்.

மாஸ்ரர், கொழும்பில ஒரு கடையில சீன வோக்கி ரோக்கி ஒரு சோடி வாங்கினன். அஞ்சு வாட்டுக்கு மேல போகாட்டி லைசென்ஸ் தேவையில்லை எண்டு கடைக்காரர் சொன்னவர். உண்மையோ?
*உயர்தர மாணவன், சாவகச்சேரி*

உண்மையில்லை, தம்பி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலை வெளியிடும் கருவியைப் பாவிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைத் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கடைக்காரர் கேள்விப்பட்டது அனேகமாக ஐரோப்பிய நாடுகளின் ஏற்பாடாக இருக்கும். அங்கே 446 மெகாஹேர்ட்ஸில், அரை வாட்டுக்கு மேற்படாமல், அன்ரனாவைக் கழற்ற முடியாதபடி செய்த சிறு செற்றுகளை அனுமதியில்லாமல் பாவிக்கலாம். அது அந்த நாடுகளின் விதி. உங்கள் கையில் இருப்பது அந்த வகையும் இல்லை.

நீங்கள் எழுதியனுப்பிய மொடல் 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரையும் 400க்கு மேலேயும் பேச விடும். அதற்குள் ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரருக்கு, உரியது 144இலிருந்து தொடங்கும் ஒரு சிறு துண்டு மட்டும்தான். மற்ற இடங்களில் கப்பல்கள், பொலிஸ், அம்புலன்ஸ், கம்பனிகள் என்று பலர் இருக்கிறார்கள். கடலில் ஆபத்து அழைப்புக்கென்று ஒதுக்கிய 16ஆம் சனல் 156.8 மெகாஹேர்ட்ஸ். அதுவும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. விசைப்பலகையில் 156.8 என்று அடித்துப் பொத்தானை அழுத்தினால் உங்கள் செற் மறுக்காது, எச்சரிக்காது, பேசத் தொடங்கிவிடும். ஹாம் அனுமதிப்பத்திரத்துக்குப் பரீட்சை வைப்பதன் காரணமே இதுதான். கருவிக்குத் தெரியாத எல்லையைப் பாவிப்பவர் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்காரருக்கு விற்பதற்கென்று தனி அனுமதி வேண்டும், அது அவருடைய பொறுப்பு. ‘அவர் சொன்னார்’ என்பது உங்களுக்கு மறுமொழியாகாது. கார் விற்றவர் சாரதி அனுமதிப்பத்திரமும் சேர்த்துத் தருவதில்லையே. பற்றுச்சீட்டு இருந்தால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். உயர்தரப் பௌதிகவியலில் மின்னோட்டமும் அலைகளும் படிக்கிறீர்கள், பரீட்சைக்கு வேண்டியதில் நல்ல பங்கு அதிலேயே அடங்கிவிடும். மிச்சம் விதிமுறையும் பேசும் ஒழுங்கும். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலிச் சங்கத்தோடு தொடர்பு கொண்டால் வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆர்வத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஒக்டோபரில் சாரணர்களின் வானொலி ஜம்போறிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை மைக்கில் கதைக்க விட ஆசை. பிள்ளை ஏதும் பிழையாகச் சொன்னால் ஆர் பொறுப்பு? இன்னொரு ஹாமின் வீட்டில், அவருடைய செற்றில் நான் கதைத்தால்?
*விஞ்ஞான ஆசிரியை, பருத்தித்துறை*

ரீச்சர், இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. சாரணர்கள் ஹாம் வானொலி வழியே நாடு விட்டு நாடு பேசிக்கொள்ளும், 1958 முதல் உலகம் முழுவதும் நடக்கும் ஜம்போறி அது. பிள்ளைகள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

பொறுப்பு உங்களுடையது. பிள்ளை பேசினாலும், அதிபர் பேசினாலும், வலயக் கல்விப் பணிப்பாளரே வந்து வாழ்த்துச் சொன்னாலும், உங்களை அடையாளம் காட்ட அனுமதிப்பத்திரத்தோடு தந்த அழைப்புக் குறியில் வெளியே போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரம் செற்றுக்குத் தருவதல்ல, பாடசாலைக் கட்டடத்துக்குத் தருவதுமல்ல. பரீட்சை எழுதித் தேறிய ஆளுக்குத் தருவது. நீங்கள் அறையை விட்டு வெளியே போனால் அந்த நேரம் செற் பேசக்கூடாது. தேநீர் குடிக்கப் போவதென்றாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போங்கள்.

நான் பிள்ளைகளை வைத்துச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். மைக்கைப் பிள்ளையின் வாய்க்கு நேரே நான்தான் பிடிப்பேன், பக்கத்துப் பொத்தானில் என் பெருவிரல் இருக்கும். பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே பேசும். ‘ஓவர்’ என்றதும் விரலை எடுப்பது நான். பிள்ளை பயத்தில் மறந்து நின்றாலும், பின்னால் நிற்கிற பெடியன் வேண்டாத ஒன்றைச் சத்தமாகச் சொன்னாலும், விரல் எழும்பினால் அத்தோடு நின்றுவிடும். பேசும்போது எரியும் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு கண் இருக்க வேண்டும். மைக்கை மேசையில் வைக்கும்போது பொத்தான் புத்தகத்தில் அமுங்கி, வகுப்பறைக் கதை முழுக்க வெளியே போவது எங்கும் நடக்கிற விஷயம். அழைப்புக் குறியைப் பிள்ளையிடம் விடுவதில்லை, நானே சொல்வேன். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் குறுகிய இடைவெளிகளில் சொல்லச் சொல்கின்றன. அமெரிக்க விதியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் முடிவிலும் என்று அளந்தே எழுதியிருக்கிறது. அந்த அளவை நானும் கடைப்பிடிக்கிறேன், மேசையில் ஒரு மணிக்கூடு இருந்தால் போதும்.

பிள்ளைகள் என்ன பேசலாம்? பெயரின் முதற்பகுதி, ஊர், வகுப்பு, விளையாட்டு, அன்றைய வெயில், மழை, அன்ரனா எந்த மரத்தில் கட்டியிருக்கிறது, இவையெல்லாம் நல்ல கதை. வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் வேண்டாம், உலகமே கேட்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ரொறன்ரோவில் இருக்கிற மாமாவுக்கு நான் சுகம் எண்டு சொல்லிவிடுங்கோ’ என்று பிள்ளை கேட்கப் பார்க்கும், எங்கள் பிள்ளைகளில் மாமா வெளிநாட்டில் இல்லாத பிள்ளை குறைவு. ஆனால் இன்னொருவருக்காக நாடு விட்டு நாடு செய்தி கொண்டுபோவது, அவசரநிலையையும் அனர்த்த உதவியையும் தவிர, சர்வதேச விதிப்படி ஹாம்களுக்கு உரிய வேலை இல்லை. நாடுகள் தங்களுக்குள் இடம் கொடுத்தால் வேறு. ஆகவே ஜம்போறிக்கு இரண்டு மாதம் முன்னரே ஆணைக்குழுவுக்கு எழுதி, இன்ன நாள், இன்ன இடம், என் மேற்பார்வையில் மாணவர் பேசுவர் என்று விவரம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

இன்னொருவர் வீட்டுச் செற்றில் நீங்கள் கதைத்தால்? அமெரிக்க விதி இதை ஒரே வசனத்தில் முடித்துவிட்டது: நிலையத்தின் அனுமதிப்பத்திரக்காரரும் அந்த நேரம் அதை இயக்குகிற ஹாமும் வேறு வேறு ஆட்களானால் இருவருக்கும் சமபொறுப்பு. ஆர் வீட்டிலும் இதே நினைப்போடு உட்காருவதுதான் சரி என்பது என் கருத்து. வீட்டுக்காரர் ‘அவர் அனுபவசாலி, பார்த்துக்கொள்வார்’ என்று நினைக்க, வந்தவர் ‘அவருடைய செற்தானே’ என்று நினைக்க, இரண்டுக்கும் இடையில்தான் பிழை நுழைகிறது.

என்ர மாமா கனடாவில ஹாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க கைச் செற் ஒண்டு கொண்டு வரப்போறாராம். இஞ்ச கதைக்கலாமோ?
*வாசகர், திருநெல்வேலி*

கனடாச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பேச முடியாது. ஐரோப்பிய நாடுகளும் வேறு சில நாடுகளும் ஒருவரின் அனுமதியை மற்றவர் ஏற்பதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. இலங்கை அதில் இல்லை. பயணச்சீட்டு எடுக்கும்போதே, சான்றிதழின் பிரதி, கடவுச்சீட்டின் பிரதி, செற்றின் மொடல் விவரம் எல்லாவற்றோடும் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ சுங்கத்தில் செற்றைக் காட்டிக்கொண்டு நிற்பது அவருக்கும் வில்லங்கம், உங்களுக்கும் வில்லங்கம். அனுமதி கிடைக்காவிட்டால் செற்றைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

விமானங்கள் பலாலிக் கோபுரத்தோடு கதைக்கிறதை கணினியில் பூட்டும் ஒரு சின்ன யூ.எஸ்.பி. வானொலி வாங்கியில் கேட்கிறேன். அதைப் பதிந்து முகநூலில் போடலாமா?
*வாசகர், தெல்லிப்பழை*

போடாதீர்கள். பொதுமக்களுக்கென்று ஒலிபரப்பாத ஒன்று காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லாதிருப்பது வானொலிக்காரரின் முதல் ஒழுக்கம். சர்வதேச ஒழுங்குவிதிகளின் 17ஆம் உறுப்புரை இதற்கென்றே இருக்கிறது. கேட்கும் ஆசைக்கு 7 மெகாஹேர்ட்ஸில் ஹாம்கள் இரவிரவாகக் கதைக்கிறார்கள், அது எல்லோரும் கேட்பதற்கென்றே பேசும் பேச்சு.

எங்கட வைரவர் கோயில் ஒலிபெருக்கியில பின்னேரங்களில ஆரோ கதைக்கிற சத்தம் வருது. ஒரு சொல்லும் விளங்கேல்லை. பக்கத்து ஒழுங்கையில ஒருத்தர் ஹாம் செற் வைச்சிருக்கிறார். அவரைப் பொலிசில குடுக்கலாமோ?
*கோயில் பரிபாலன சபை உறுப்பினர், மானிப்பாய்*

ஐயா, பொலிசுக்குப் போக முன் அவரை ஒரு நாள் கோயிலடிக்குக் கூப்பிடுங்கள்.

சொல் விளங்காமல் கரகரத்த குரலாக வருகிறது என்றால் அது அனேகமாக ஒற்றைப் பக்கப்பட்டை (SSB) என்ற, சாதாரண வானொலியில் சொல் விளங்காத முறையில் பேசுகிற ஹாமின் குரல்தான். ஆனால் அவர் பிழை செய்கிறார் என்பதற்கு அது சான்றாகாது. கோயிலில் இருந்து தேர்முட்டி வரை இழுத்துவிட்ட ஸ்பீக்கர் வயர் ஒரு நீண்ட அன்ரனாவாக வேலை செய்கிறது. அதில் ஏறும் அலையை அம்பிளிபயருக்குள் இருக்கும் திரான்சிஸ்டர் சத்தமாக மாற்றிவிடுகிறது. அவருடைய அலை அவருக்குரிய எல்லைக்குள் சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். சத்தம் வரும்போது அம்பிளிபயரின் வொலியூமை முழுதாகக் குறையுங்கள். குரல் நின்றால் அலை மைக் வயரால் உள்ளே வருகிறது. நிற்காமல் அதே அளவில் வந்துகொண்டிருந்தால் ஸ்பீக்கர் வயரால் வருகிறது. எந்த வயரென்று தெரிந்ததும், அதை அம்பிளிபயருக்குக் கிட்டவாக ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான ஒரு பெரிய வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். கணினி வயர்களில் வரும் சிறு கட்டி போன்ற ஃபெரைட்டுக்குள் வயரை ஒரு தடவை மட்டும் விட்டால் இந்த அலைவரிசைக்குக் காணாது, சுற்று வேண்டும்.

இனி அந்த ஹாமுக்கு. தம்பி, நீங்கள் எந்த ஒழுங்கையில் இருந்தாலும் இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். சட்டப்படி அம்பிளிபயரின் குறைதான் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் பதிவேட்டையும் கோயில்காரர் குறித்து வைத்த நேரங்களையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். கோயில் அம்பிளிபயரில் ஒருவர் காது கொடுத்து நிற்க, நீங்கள் வலுவைப் படிப்படியாகக் குறைத்துப் பேசிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில், வேண்டாத உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் தாழ்வடிகட்டி பூட்டியிருக்கிறதா, கேபிள் முனைகள் கறள் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் உப்புக் காற்றில் ஒரு மாரிக்குள்ளேயே பித்தளை பச்சையாகிவிடும். ஃபெரைட் வளையத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். திருவிழா நாட்களில் பூசை நேரத்தில் செற்றைப் போடாதீர்கள். அயலவரின் முறைப்பாட்டுக்கு இப்படி நடந்துகொள்ளும் ஹாமுக்குத்தான் ஊரில் அன்ரனா கட்ட இடம் கிடைக்கும்.

ஐயா, நாங்கள் மயிலிட்டியால தொழிலுக்குப் போறனாங்கள். போட்டுக்குப் போட்டு கதைக்க 145 மெகாஹேர்ட்ஸில ஒரு இடம் வைச்சிருக்கிறம். உது ஹாம் ஆக்களின்ர இடம் எண்டு ஒருத்தர் செற்றிலேயே வந்து ஏசினார். கடல் பொது எண்டால் காற்றும் பொதுதானே?
*கடற்றொழிலாளி*

அண்ணை, ஏசினது பிழை. ஹாம் ஒருவருக்குப் பொலிஸ் வேலை இல்லை. நேரத்தையும் அலைவரிசையையும் குறித்து ஆணைக்குழுவுக்கு அறிவிப்பதுதான் முறை. தன் அலைவரிசையில் இன்னொருவரை ஏசிக்கொண்டு நிற்பவரும் தன் அனுமதிப்பத்திரத்தை மதிக்காதவர்தான்.

ஆனால் அந்த இடம் உங்களுக்கு உரியது இல்லை என்று அவர் சொன்னது சரி. ஹாம் அலைவரிசை சொந்தமாகப் படிக்கவும் பரிசோதிக்கவும் பேசவும் தந்தது, அதில் பண நோக்கம் இருக்கக்கூடாது என்று சர்வதேச விதியின் வரைவிலக்கணத்திலேயே எழுதியிருக்கிறது. எந்த இடத்தில் மீன் படுகிறது, இன்றைக்கு என்ன விலை போகிறது என்பது தொழில் கதை. அனுமதிப்பத்திரம் உள்ள ஹாம்கூட அதை அங்கே பேச முடியாது.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் உயிர். 145இல் நீங்கள் கத்தினால் கேட்கப்போவது அந்த இடத்தைத் திறந்து வைத்திருக்கும் உங்கள் ஆட்கள் மட்டும்தான். போட்டில் நின்று கையில் பிடித்துப் பேசும் செற் இன்னொரு போட்டுக்கு 10, 12 கிலோமீற்றருக்கு மேல் போவது கஷ்டம், கடல் வளைந்து மறைத்துவிடும். பாக்கு நீரிணையில் போகிற கப்பலின் அன்ரனா உயரத்தில் இருக்கிறது, அதனால் இன்னும் இரட்டிப்புத் தூரத்திலிருந்தும் உங்களைக் கேட்க முடியும். ஆனால் அந்தக் கப்பல் காது கொடுத்திருப்பது 156.8இல், 145இல் இல்லை. எஞ்சின் நின்று இந்திய எல்லைப் பக்கம் அடித்துப்போகும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்திலும் உங்கள் சங்கத்திலும் கேட்டு, கடற்பாவனைக்கான செற்றையும் அதற்குரிய அனுமதியையும் எடுங்கள். போட்டு நனைந்தாலும் தாங்கும்படி செய்த செற்றுகள் அவை.

போட்டு தாழும் நேரத்தில் கையில் எந்தச் செற் இருந்தாலும், எந்த அலைவரிசையானாலும் கூப்பிடுங்கள். ஆபத்தில் இருக்கும் நிலையம் உதவி கேட்க எந்த வழியையும் பாவிக்கலாம், ஒழுங்குவிதிகளில் எதுவும் அதைத் தடுக்காது என்று அந்த விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அனுமதிப்பத்திரம் பற்றி யோசித்து நிற்காதீர்கள். இடத்தைச் சொல்லுங்கள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மகனுக்கு ஹாம் பரீட்சை எழுதி வளவுக்குள்ள அன்ரனா கட்ட ஆசை. எனக்குப் பயமாக் கிடக்கு. அந்த நாளில ஒரு வயர்த் துண்டுக்கும் விசாரணை இருந்தது. விடட்டோ, வேண்டாமோ?
*ஒரு தாய், கோப்பாய்*

அம்மா, உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ரோச் லைற் பற்றரி கூட வடக்குக்கு வரத் தடையிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர் எங்களுடையது. அன்ரனாவைக் கண்டால் நெஞ்சு பதறுவது இயல்பு.

அந்தப் பயத்துக்காகவே மகனை முறைப்படி பரீட்சை எழுத விடுங்கள். அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஒளித்துச் செய்வதற்கு எதுவும் இல்லை. பேசும்போதெல்லாம் 4எஸ் என்று தொடங்கும் தன் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும், அதை வைத்து ஆர், எங்கே என்று ஆணைக்குழு உடனே சொல்லிவிடும். நாடு விட்டு நாடு பேசும்போது பொருளை மறைக்கும் சங்கேதம் பாவிக்கக்கூடாது என்பதும் விதி. ஆகவே மகன் பேசுவதை ஆரும் கேட்கலாம், பதியலாம். பலருக்கு இந்த விதிகள் கெடுபிடியாகத் தெரிகின்றன. எங்கள் ஊரில் இவை பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பதுதான் என் உறுதியான எண்ணம். அனுமதி கைக்கு வருமுன் ‘சும்மா ஒருக்கால் சோதித்துப் பார்க்கிறேன்’ என்று பொத்தானை அழுத்த மட்டும் விடாதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கடுமையாக இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்து அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, வானொலிச் சங்கத்து ஹாம்கள் செற்றுகளோடு போய்க் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதே நாள் எங்கள் வடமராட்சி கிழக்கிலும் கடல் ஊருக்குள் வந்தது. மருதங்கேணிப் பக்கம் அப்படி ஒரு நிலையம் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நான் நினைக்காத டிசம்பர் இல்லை. யாழ்ப்பாணத்தில் அனுமதிப்பத்திரம் உள்ள இளம் ஹாம்கள் கூட வேண்டும் என்று நான் ஓயாமல் எழுதுவது இதனால்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அனுமதி வந்ததும் அதன் பிரதி ஒன்றைக் கிராம சேவையாளருக்கும் ஒன்றைப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு கடிதத்தோடு கொடுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூலப்பிரதி செற்றுக்கு மேலே சுவரில் இருக்கட்டும். அன்ரனா ஏற்றுமுன் இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். 7 மெகாஹேர்ட்ஸுக்கு 10 மீற்றர் கம்பி இரண்டு போதும், இரண்டு பனைக்கு நடுவில் கட்டினால் தெருவில் போகிறவருக்குத் தெரியவும் மாட்டாது. மின்சாரக் கம்பிக்கு மேலாலோ கீழாலோ போகக்கூடாது, அறுந்து விழுந்தாலும் அதில் படாத தூரம் இருக்க வேண்டும். அதை ஏற்றும் நாளில் நீங்களும் வெளியில் வந்து நின்று பாருங்கள். ஒக்டோபர் மழை தொடங்குமுன் நில இணைப்பு அடித்திருக்க வேண்டும், இடி முழங்கத் தொடங்கினால் கேபிளைச் செற்றிலிருந்து கழற்றி வெளியே போட வேண்டும். அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும்போது இந்தப் பக்கத்தில் அறிவிக்கிறேன். அதற்குள் மகனை என்னோடு கதைக்கச் சொல்லுங்கள்.